தேங்காய் நிமிர்ந்தால் தண்ணீர் வருமா?

பங்குனி பிறந்துவிட்டால் அந்தியூர் வட்டாரத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் ரிக் வண்டிச் சத்தம் கேட்கும். பர்கூர் மலையடிவாரத்து மேட்டாங்காடுகளில் மழையை விட்டால் கிணறு, கிணற்றை விட்டால் ஆழ்துளைப் போர். பவானியாற்று வாய்க்கால் தண்ணீர் இந்த மேட்டுக்கு ஏறாது. வரட்டுப்பள்ளம் அணையும் அந்தியூர்ப் பெரிய ஏரியும் நிரம்பின வருஷம் கிணறுகளில் ஊற்று நிற்கும். நிரம்பாத வருஷம் மஞ்சளும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கண்ணெதிரே காயும். அப்போது தோட்டக்காரர் எடுக்கிற முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னொரு போர் போட்டுப் பார்த்துவிடலாம். ரிக் வண்டிக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் அவர் கூப்பிடுவது நீரோட்டம் பார்ப்பவரை.

அவர் கையில் இருக்கிற கருவியைப் பற்றியது இந்தக் கட்டுரை. கவையாக வெட்டிய வேப்பங்குச்சி, குடுமி வைத்த தேங்காய், எல் போல வளைத்த இரண்டு தாமிரக் கம்பிகள், நூலில் தொங்கும் குண்டு, சில இடங்களில் ஆன்டெனாவும் டயலும் வைத்த பெட்டி. எல்லாமே வீட்டிலோ பக்கத்துப் பட்டறையிலோ செய்துகொள்ளக் கூடியவை. இதே குடும்பத்துக் கருவிகளை வைத்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நோய் கண்டுபிடித்திருக்கிறார்கள், பூச்சி விரட்டியிருக்கிறார்கள், ஈராக்கில் வெடிகுண்டு தேடியிருக்கிறார்கள். மேற்கு நாடுகளில் அதற்கு ரேடியானிக்ஸ் என்றும் சையானிக்ஸ் என்றும் பெயர். இங்கே நாம் அதை நம்பி நிலத்தைத் துளைக்கிறோம்.

துளைப்பது சின்னச் செலவில்லை. போர் ஆழத்துக்கு அடிக் கணக்கில் கூலி. முந்நூறு அடி தாண்டினால் நூறடிக்கு ஒருமுறை ரேட் ஏறும். ஆயிரம் அடி போனால் துளைக்க மட்டுமே லட்சத்தைத் தாண்டிவிடும். கேசிங் பைப், சப்மெர்சிபிள் மோட்டார், கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாம் அதற்கு மேல். தண்ணீர் வந்தால் சரி. வராவிட்டால் நகையை மீட்க முடியாது, கூட்டுறவுச் சங்கக் கடனைக் கட்ட முடியாது. ஒரு குடும்பத்தின் ஐந்து வருஷ உழைப்பு எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை ஒரு தேங்காய் தீர்மானிக்கிறது. இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“நான் ஆட்டலீங்க”

அந்தியூருக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் நீரோட்டம் பார்ப்பதை அருகில் நின்று பார்த்தேன். வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். வெறுங்கால். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மட்டை உரித்த, குடுமி நீளமாக விட்ட தேங்காயை இடது உள்ளங்கையில் படுக்க வைத்தார். விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. காட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து மெதுவாக நடக்கத் தொடங்கினார். வேலியோரம் நின்ற வேப்பமரத்தை நெருங்கும்போது தேங்காய் அசைந்தது. இரண்டு எட்டு வைத்ததும் குடுமி மேலே எழும்பி, காய் செங்குத்தாக நின்றது. அவர் முன்கை நரம்பு புடைத்துத் தெரிந்தது. நெற்றியில் வேர்வை.

“இங்க ரெண்டு ஓட்டம் கூடுதுங்க. நூத்தி எண்பதுல ஒண்ணு, நானூத்தி இருபதுல ஒண்ணு. ரெண்டரை இஞ்சு தண்ணி கிடைக்குமுங்க.”

தோட்டக்காரர் ஒரு கல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். அதுதான் பாயிண்ட்.

கை ஆட்டியதா, காய் ஆடியதா என்று நான் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. “நான் ஆட்டலீங்க. அதா எந்திரிக்குது. பிடிச்சு நிறுத்தப் பார்த்தாலும் நிக்காது, நீங்களே வெச்சுப் பாருங்க” என்றார். சிலருக்குத்தான் இது வரும், குறிப்பிட்ட ரத்த வகை இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். தான் ஆட்டவில்லை என்றுதான் அவருக்கு உண்மையாகவே தெரிகிறது. இந்த விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரோல், நூலில் கட்டிய குண்டு பாதரசத்துக்கு மேல் தானாக ஊசலாடுவதைத் தன் கையாலேயே பார்த்தார். பாதரசத்துக்கும் குண்டுக்கும் நடுவில் கண்ணாடித் தகட்டை நுழைத்தால் ஆட்டம் நின்றது. வேறொருவராக இருந்தால் பாதரசத்திலிருந்து ஏதோ கதிர் வருகிறது, கண்ணாடி அதைத் தடுக்கிறது என்று எழுதி வைத்திருப்பார். செவ்ரோல் கண்ணைக் கட்டிக்கொண்டார். தகட்டை எப்போது நுழைக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று தனக்குச் சொல்லக் கூடாது என்றார். கண்ணைக் கட்டியதும் குண்டின் ஆட்டத்துக்கும் தகட்டுக்கும் இருந்த சம்பந்தம் போய்விட்டது. என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பு மனதில் இருந்தால், தெரியாமலேயே விரல் தசை அந்தத் திசையில் வேலை செய்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1833-ல் இயற்பியலாளர் ஆம்பியருக்குக் கடிதமாக அதை வெளியிட்டார். 1852-ல் இங்கிலாந்து உடலியல் அறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் இந்தத் தசை அசைவுக்கு ஐடியோமோட்டார் என்று பெயர் வைத்தார்.

எல் கம்பியில் இது இன்னும் நன்றாகப் புரியும். வெல்டிங் பட்டறையில் மூன்று மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரு முனையிலிருந்து அரையடி விட்டுச் செங்கோணத்தில் வளையுங்கள். நீளமான கை ஒன்றேகால் அடி இருக்கட்டும். குட்டைக் கையை ரீஃபில் எடுத்த பால்பாயிண்ட் பேனாக் குழாயில் சொருகிப் பிடித்தால் கம்பி தடையில்லாமல் சுழலும். கருவி தயார், செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. இரண்டையும் முன்னே நீட்டிப் பிடித்து நடங்கள். மணிக்கட்டு ஒரு பாகை உள்பக்கம் சாய்ந்தாலே போதும், கம்பிகள் குறுக்கே வந்துவிடும். சாய்ந்த கம்பத்தில் மாட்டிய படல் தள்ளாமலேயே ஒரு பக்கம் போய் நிற்கிற மாதிரிதான் இது. சாய்வு நம் கண்ணுக்குத் தெரியாது, கம்பியின் சுழற்சிதான் தெரியும். சின்னக் காரணத்தைப் பெரிய அசைவாகக் காட்டும்படிதான் கவைக்குச்சி, தேங்காய், ஊசல் குண்டு எல்லாமே அமைந்திருக்கின்றன. கை எங்கே போகிறது என்பதைக் காட்டுவதில் அவை மிகத் துல்லியமானவை.

கறுப்புப் பெட்டியின் கதை

கம்பிக்கும் குண்டுக்கும் பதிலாக டயல் வைத்த பெட்டியைக் கொண்டுவந்தவர் சான்ஃபிரான்சிஸ்கோ டாக்டர் ஆல்பர்ட் ஆப்ரம்ஸ். முறையாக மருத்துவம் படித்தவர். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மின் அதிர்வு உண்டு, ஒரு சொட்டு ரத்தம் போதும் அதைப் படித்துவிடலாம் என்றார். காகிதத்தில் உலர்த்திய ரத்தத்தைப் பெட்டியில் வைத்து, பெட்டியின் கம்பியை ஆரோக்கியமான இன்னொருவர் உடலில் இணைத்து, மங்கிய வெளிச்சத்தில் அவரை மேற்கே பார்த்து நிற்க வைத்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து நோயைச் சொல்வார். குணப்படுத்த இன்னொரு பெட்டி. அதை விற்க மாட்டார், டாக்டர்களுக்கு வாடகைக்கு விடுவார். சீல் வைத்திருக்கும், திறந்து பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த முறையைக் கையாண்டார்கள்.

சேவல் ரத்தத்தை மனித ரத்தம் என்று சொல்லி அனுப்பினார் ஒரு டாக்டர். மலேரியா, புற்றுநோய், நீரிழிவு என்று நோய்ப் பட்டியல் வந்தது. ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ இதழ் குழு அமைத்து 1923, 1924-ல் தொடராக விசாரித்து எழுதியது. சோதனைகளில் விடைகள் தேறவில்லை. விசாரணை முடியும் முன்பே 1924 ஜனவரியில் ஆப்ரம்ஸ் இறந்துவிட்டார். ஆனால் பெட்டி சாகவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ரூத் டிரவுன் என்பவர் ரத்தத்தை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே சிகிச்சை தருவதாகச் சொன்னார். அவரை நம்பி, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணொருவர் அறுவை சிகிச்சைக்கான காலத்தை இழந்தார். 1951-ல் டிரவுனுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது.

வங்காளத்திலும் ஒரு கிளை முளைத்தது. பரோடா கீழ்த்திசை நிறுவனத்தை நடத்திய பெரிய சமஸ்கிருத, பௌத்த அறிஞர் பினய்தோஷ் பட்டாச்சார்யா. ஓய்வுக்குப் பின் கொல்கத்தாவுக்கு வடக்கே நைஹாட்டியில் ரத்தினச் சிகிச்சை நடத்தினார். நோயாளியின் போட்டோவுக்கு எதிரே, ரத்தினக் கற்கள் பதித்த தகட்டைச் சின்ன மோட்டாரால் சுழல விடுவது அவர் முறை. நோயாளி எந்த ஊரில் இருந்தாலும் கதிர் போய்ச் சேரும் என்று எழுதினார். படிப்புக்கும் இந்த நம்பிக்கைக்கும் பகை இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

வீட்டில் செய்யும் பெட்டிக்கு உலகம் முழுக்க ஆசையைக் கிளப்பிவிட்டவர் வேறொருவர். அமெரிக்க ரேடியோ எஞ்சினியர் கேலன் ஹைரோனிமஸ், தாதுக்களிலிருந்து வரும் ஒருவகை வீச்சைக் கண்டறியும் கருவி என்று சொல்லி 1949-ல் காப்புரிமை வாங்கினார். பெட்டிக்குள் பட்டகம், வால்வு, ஆம்ப்ளிஃபயர். வெளியே சுருள் பதித்த ஒரு தட்டு. தட்டை விரலால் தேய்த்துக்கொண்டே டயலைத் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் விரல் ஒட்டுகிற மாதிரி இருக்கிறதோ அதுதான் விடை. அறிவியல் புனைகதை இதழாசிரியர் ஜான் கேம்பல் 1956-ல் இதைத் தானே செய்து பார்த்து எழுதினார். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் வேலை செய்கிறது என்றார். பிறகு வால்வு, மின்தடை எதுவும் இல்லாமல் அவற்றின் வரைபடத்தை மட்டும் காகிதத்தில் மையால் வரைந்து பெட்டிக்குள் வைத்தார். அதுவும் அதே மாதிரி வேலை செய்ததாக எழுதினார். மனதின் சக்தியே காரணம், சர்க்யூட் வெறும் அடையாளம் என்பது அவர் கண்ட விளக்கம். எனக்கு இதில் படுவது வேறு. சர்க்யூட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் ஒன்றுதான் என்றால், சர்க்யூட் எந்த வேலையும் செய்யவில்லை. வேலை செய்த ஒரே பொருள் விரல்தான். தேங்காயைத் தாங்கிய உள்ளங்கைக்கும் இந்த விரலுக்கும் வித்தியாசம் கிடையாது.

இப்படி ஒரு பெட்டி செய்ய வேண்டிய எல்லாச் சாமானும் அந்தியூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே கிடைக்கும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் எனாமல் தாமிரக் கம்பி, ரேடியோ ரிப்பேர்க் கடையில் வால்யூம் கன்ட்ரோல் நான்கு, தச்சுப் பட்டறையில் பிளைவுட் துண்டு, ஒரு பேக்கலைட் தகடு. செய்ய ஆசைப்படுகிற பையனை நான் தடுக்க மாட்டேன். கோவை மண் அப்படிப்பட்ட பையன்களால் வளர்ந்தது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள். இன்றைக்கு நாடெங்கும் போர் போடுகிற ரிக் வண்டிகளின் தலைநகரம் திருச்செங்கோடு, அந்தியூரிலிருந்து அதிக தூரமில்லை. கருவி செய்கிற கை நமக்குப் பரம்பரை. மோட்டார் ஓடாவிட்டால் நாயுடு விற்றிருக்க மாட்டார். பெட்டிக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

கண்டிப்பு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஈராக் சாட்சி. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளாக அமெரிக்காவில் விற்ற, சுழலும் ஆன்டெனாவும் கைப்பிடியும் கொண்ட சாதனத்தின் அச்சில் ஏ.டி.ஈ. 651 என்ற ‘வெடிகுண்டு கண்டுபிடிப்பான்’ வந்தது. உள்ளே பேட்டரியும் இல்லை, மின்னணுவும் இல்லை. எல் கம்பியின் தத்துவம்தான். பாக்தாத் சோதனைச்சாவடிகளில் சிப்பாய்கள் இதைப் பிடித்துக்கொண்டு வண்டிகளைச் சோதித்து அனுப்பினார்கள். குண்டு வண்டிகள் தாண்டிப் போயின. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. இதே ரகத்து ஜி.டி. 200 கருவியைத் தாய்லாந்து அரசு 2010-ல் கண் மறைத்துச் சோதித்தது. 20 முறையில் 4 முறைதான் சரியாகக் காட்டியது.

எல்லாரும் மெக்கார்மிக் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் டெ லா வார் என்பவர் ரேடியானிக்ஸ் பெட்டிகள் செய்து விற்றார். பெட்டி பலிக்கவில்லை, உடம்பு கெட்டது என்று வாங்கிய பெண் 1960-ல் வழக்குப் போட்டார். டெ லா வார் தன் கருவியை நேர்மையாக நம்பினார், ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நீரோட்டம் பார்க்கும் நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோரை நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். சிலர் காசுகூட வாங்குவதில்லை, வெற்றிலை பாக்கும் போக்குவரத்துச் செலவும் போதும் என்பார்கள். நேர்மை இருக்கிறது. ஆனால் நேர்மைக்குத் தண்ணீர் ஊறாது.

இலங்கையில் 691 குழி

“அப்படியானால் அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வருகிறதே?” இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பலமாகச் சொல்லப்படும் சாட்சியம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜெர்மன் அரசின் தொழில்நுட்ப உதவித் திட்டத்தில் இலங்கையின் வறண்ட பகுதிகளில் போர் போட்டபோது, ஹான்ஸ் ஷ்ரோய்ட்டர் என்ற ஜெர்மானியர் கம்பி பிடித்து இடம் குறித்தார். 691 குழிகளில் 96 சதவீதம் வெற்றி என்று மியூனிக் இயற்பியலாளர் ஹான்ஸ்-டீட்டர் பெட்ஸ் 1995-ல் எழுதினார். படிக்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று குறைகிறது. அவர் குறித்த இடத்துக்கு ஐம்பது அடி தள்ளி, யாரும் குறிக்காத இடத்தில் போட்டிருந்தால் எத்தனை குழியில் தண்ணீர் வந்திருக்கும்? அந்த ஒப்பீடு இல்லாமல் 96 என்ற எண்ணுக்கு எடை கிடையாது. பத்துக் குழியில் ஒன்பதில் தண்ணீர் வருகிற ஊரில் குழந்தை கல்லெறிந்து காட்டினாலும் தண்ணீர் வரும்.

அதே பெட்ஸ் குழுவினர் 1987, 1988-ல் மியூனிக் அருகே ஒரு தானியக் களஞ்சியத்தில் ஒப்பீட்டோடு சோதித்தார்கள். சுமார் 500 பேரில் திறமையானவர்கள் என்று 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாய், மேல்தளத்தில் கம்பிக்காரர். குழாயை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைத்தார்கள். மொத்தம் 843 முறை. சிலருக்கு நிச்சயமாகத் திறமை இருக்கிறது என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். கலிஃபோர்னியப் பேராசிரியர் ஜிம் என்ரைட் அதே எண்களை எடுத்து 1999-ல் மறுபடி கணக்குப் போட்டார். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேல் என்று சொல்ல எதுவும் இல்லை, ஒருமுறை நன்றாகச் சொன்னவர் அடுத்த முறை சொல்லவில்லை. 1990-ல் காசெல் நகரில் 30 பேரை வைத்து அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். விதிகளையெல்லாம் அவர்களும் முன்னதாக ஒத்துக்கொண்டவர்கள்தான். கிடைத்தது காசு சுண்டிப் பார்த்தால் கிடைக்கிற விடை.

நம் ஊரில் ஏன் பலிக்கிற மாதிரி தெரிகிறது என்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டின் பரப்பில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட கெட்டிப் பாறை. அந்தியூர்ப் பக்கம் நைஸ், சார்னகைட் என்கிற பாறைகள். பாறைக்குள் ஆறு மாதிரி ஓட்டம் எதுவும் கிடையாது. மேலே மக்கிச் சிதைந்த பாறை ஒரு அடுக்கு, அதில் ஈரம் தேங்கும். கீழே கெட்டிப் பாறையில் அங்கங்கே வெடிப்பு, அந்த வெடிப்பில் தண்ணீர் கசியும். மோயாறு–பவானி வெட்டு மண்டலம் இந்தப் பக்கம் போவதால் வெடிப்புகளுக்குக் குறைவில்லை, ஆனால் அவை எங்கே எவ்வளவு ஆழத்தில் என்பது பத்தடிக்குப் பத்தடி மாறும். நாற்பது வருஷம் காடு காடாக நடந்த மனிதருக்கு வேம்பு எங்கே பசுமையாக நிற்கிறது, புற்று எங்கே இருக்கிறது, பள்ளம் எந்தப் பக்கம் இழுக்கிறது, பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் தெரியும். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில்கூட மரத்தையும் புற்றையும் வைத்து நிலத்தடி நீரைச் சொல்லும் அத்தியாயம் இருக்கிறது. அந்த அறிவு அவர் கை வழியாகத் தேங்காய்க்குப் போகிறது. கண்ணால் கண்டதைத்தான் காய் சொல்கிறது. அவர் நடந்த தோட்டத்தில் காய் எழுந்தது வேப்பமரத்தடியில் என்பதை நான் கவனித்தேன்.

மீதி ஞாபகத்தின் வேலை. தண்ணீர் வந்த போரைப் பத்து ஊருக்குச் சொல்வோம். புழுதி மட்டும் வந்த போரைப் பற்றி வெளியே பேச மாட்டோம். பாயிண்ட் வைத்தவர் 180 என்று சொல்லி 300-ல் வந்தாலும் “சொன்ன மாதிரியே வந்துச்சு” என்போம். வரவே இல்லை என்றால் ரிக் வண்டிக்காரர் ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்போம்.

நிலத்தோடு பேசும் கருவி

வீட்டிலேயே கருவி செய்ய வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்கு வேறொன்றைச் சொல்கிறேன். அதற்கும் நான்கு கம்பிதான் வேண்டும். ஆனால் கம்பி கையில் இருக்காது, மண்ணில் இருக்கும்.

உலர்ந்த கெட்டிப் பாறை மின்சாரத்தைக் கடத்தாது. மக்கிய பாறையில் தண்ணீர் நின்றால் கடத்தும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துப் பிரான்சில் ஷ்லம்பர்ஷேவும் அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னரும் நூறு வருஷத்துக்கு முன்பே மின்தடை ஆய்வை உருவாக்கினார்கள். வென்னர் முறை செய்வதற்கு எளிது. இரண்டடி நீள ஸ்டீல் கம்பி நான்கை ஒரே நேர்க்கோட்டில், சம இடைவெளியில், முக்கால் அடி ஆழம் அடியுங்கள். கோடைக்காலம் என்றால் ஒவ்வொரு கம்பியடியிலும் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிக் கம்பிகள் இரண்டுக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, எத்தனை மில்லிஆம்பியர் போகிறது என்று ஒரு மல்டிமீட்டரில் பாருங்கள். உள் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று இன்னொரு மல்டிமீட்டரில் பாருங்கள். பேட்டரி முனைகளை மாற்றிப் போட்டு மறுபடி அளந்து சராசரி எடுங்கள், மண்ணிலேயே இருக்கிற சின்ன மின்னழுத்தம் கழிந்துவிடும். 12 வோல்ட் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்தால் இதற்குப் போதும். வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். மின்சாரம் போகும்போது கம்பியில் யாரும் கை வைக்கக் கூடாது.

கணக்கு இதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, கம்பி இடைவெளியால் பெருக்கி, 6.28-ஆல் பெருக்க வேண்டும். இடைவெளி 10 மீட்டர், மின்சாரம் 30 மில்லிஆம்பியர், மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் என்றால் விடை 125 ஓம் மீட்டருக்குச் சற்று மேல். பிறகு இடைவெளியை 15, 20, 30 மீட்டர் என்று அகலப்படுத்திக்கொண்டே போனால் ஆழத்தில் இருப்பது தெரியத் தொடங்கும். எண் சட்டென்று ஏறி ஆயிரங்களுக்குப் போனால் கீழே கெட்டிப் பாறை வந்துவிட்டது. குறைவாகவே நீண்ட தூரம் நின்றால் மக்கிய பாறை தடிமனாக இருக்கிறது. ஒரே தோட்டத்தில் நான்கு இடத்தில் இப்படி அளந்தால் எங்கே போர் போடுவது வீண் என்பது ஓரளவு தெரியும். களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூடக் குறைந்த எண்ணைக் காட்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணூறு அடியில் இருக்கிற மெல்லிய வெடிப்பை இந்த ஆய்வாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த நேர்மையான புவியியல் வல்லுநரும் அதை ஒத்துக்கொள்வார். ஆனால் ஒரு விஷயம் நிச்சயம்: கம்பி அடித்தவர் மாறினாலும் மல்டிமீட்டர் எண் மாறாது. யார் கையும் அதை எழுப்ப முடியாது.

பிளஸ் டூ இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் இதைச் செய்துவிடலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்வதை விட்டுவிட்டு, அந்தியூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்று தன் ஊர்த் தோட்டங்களின் மின்தடை வரைபடத்தைப் போட்டால் அதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை. நானே செய்ய மாட்டேன், செய்தவர் வந்தால் போதும் என்பவர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை இருக்கிறது, மின்தடை மானி அவர்களிடம் உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் குடிநீர்ப் போர்களுக்கு இடம் குறிப்பதும் புவியியலாளர்கள்தான். தனியார் ஆய்வாளர்களும் வருகிறார்கள். அவர்களிடம் அளவீட்டுத் தாளையும் வரைகோட்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெட்டியைக் காட்டி வாயால் மட்டும் பாயிண்ட் சொல்லிப் போனால் அதுவும் தேங்காய்தான்.

உடம்புக்கு இதே மாதிரிப் பெட்டியோடு வருபவர்களிடம் இன்னும் கண்டிப்பு வேண்டும். புற்றுநோயையும் நீரிழிவையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்து மாய நிவாரணங்கள் தடைச் சட்டப்படி குற்றம். போர் பொய்த்தால் பணம் போகும். இங்கே உயிர் போகும்.

பொய்த்த போரும் உயிரைக் கேட்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்படாமல் கிடந்த போர்க்குழியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாள்கணக்கில் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. கைவிட்ட குழிகளை அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தண்ணீர் வராத ஒவ்வொரு குழியையும் அன்றைக்கே மண்ணும் ஜல்லியும் போட்டு அடையுங்கள். கேசிங் விட்டுவைக்கும் போருக்கு இரும்பு மூடி போட்டு வெல்டு வையுங்கள்.

நீரோட்டம் பார்ப்பவரை அழைக்காதீர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, அழையுங்கள். அவர் பாயிண்ட் வைத்ததும் மரியாதையோடு ஒரு வேண்டுகோள் வையுங்கள். கண்ணைத் துணியால் கட்டி, காட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, வேறொரு வரப்பிலிருந்து மறுபடி நடக்கச் சொல்லுங்கள். கூட வருகிற உங்கள் ஆளுக்கும் பாயிண்ட் எங்கே என்று தெரியக் கூடாது. தேங்காய் எழும் இடத்தில் முளைக்குச்சி அடியுங்கள். இதை நான்கைந்து முறை செய்யுங்கள். குச்சிகள் எல்லாம் ஒரே இடத்தில் விழாவிட்டால் ரிக் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.